எதிராளி வயர் போன வழி

போன வார இதழை யாராவது இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்றால் கவலை வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். கதவிடுக்கில் ஒரு புது இன்டர்நெட் கம்பெனியின் துண்டுச்சீட்டு வந்து விழுந்தது. வயர்காரர் வீட்டில் நிம்மதி போயிற்று.

வயர்காரர் என்று கேட்டால் அந்தப் பகுதியில் யாரும் வழி காட்டுவார்கள். ஆரம்பத்தில் டிவிக்கு கேபிள் இழுத்தவர். இப்போது இன்டர்நெட் கொடுக்கிறார். மொத்தம் இருநூற்றுப் பத்து வீடு. அதில் அறுபத்துநான்கு வீடு, தெருமுனையில் நிற்கும் எட்டு மாடிக் கட்டடத்தில் மட்டும் இருக்கிறது. அந்தக் கட்டடம் கைவிட்டுப் போனால் மிச்ச வீடுகளை வைத்து, இன்டர்நெட்டை மொத்தமாகத் தரும் மொத்தக்காரனுக்குப் பணம் கட்ட முடியாது. தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துண்டுச்சீட்டில் இருந்த விலை மாதம் முந்நூற்று ஐம்பது. முதல் மூன்று மாதம் இலவசம். வயர்காரர் வாங்குவது அறுநூறு.

புதுக் கம்பெனிக்காரன் குறைவாக விற்பதுகூட அவரைக் குழப்பவில்லை. போட்டி என்றால் குறைப்பான்தான். ஆனால் இவருக்கு ஒரு வீட்டுக்கு அடக்க விலையே நானூற்றுப் பத்து. அடக்கத்துக்குக் கீழே ஒருத்தன் எப்படி விற்பான்? ஒரு வாரமாக இதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். விடை கிடைக்கவில்லை.

இன்று மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தில் கூட்டம். யாரிடம் வாங்குவது என்று அறுபத்துநான்கு வீட்டுக்காரர்களும் கை தூக்கப் போகிறார்கள்.

"திருட்டு வயர்" என்றார் வயர்காரர், காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டே.

"யாரு?" என்றாள் மனைவி.

"அந்த முந்நூத்தம்பதுக்காரன்தான். எவன் லைன்லயோ கொக்கி போட்டு இழுக்கிறான். இல்லேன்னா இந்த விலை கட்டாது."

மேசைக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள். பில் போடுவது, புகார் கேட்பது, வயர் ஒட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவள்தான். ஐந்து மாதமாக மொட்டை மாடிக்கு ஏறுவதும் அவள்தான். வயர்காரருக்கு முட்டி மடங்க மாட்டேன் என்கிறது.

"கொக்கி போட்டு இழுக்க அது கரண்டு இல்லப்பா."

"நீ படிச்சவ. நான் கம்பத்துல ஏறினவன். திருட முடியாத பொருள்னு ஒண்ணு உலகத்துல இன்னும் செய்யலை."

"ஐந்நூறுன்னு இறங்கி வந்துடலாம்ப்பா. புகார்னு போன் பண்ணா அரை மணியில ஆள் வரும்னு சொல்லுவோம். அவங்களுக்கு போன் பண்ணா மிஷின்தான் பேசும். ஜனங்களுக்கு அதுவும் தெரியும்ல?"

"நூறு குறைச்சா, அப்போ இத்தனை வருஷமா நூறு கூட வாங்கினியான்னு கேப்பான். ஜனங்களை எனக்குத் தெரியும். நீ பேசாம இரு. மொத்தக்காரன்கிட்ட பேசினதே போதும். அது பெரிய காரியம்."

நான்கு மாதத்துக்கு முன்பு மொத்தக்காரன் திடுதிப்பென்று விலையை ஏற்றினான். மகள் தனியாகப் போய்ப் பேசினாள், பழைய விலைக்கே வந்துவிட்டான். வயர்காரர் இதைத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேகூடச் சொல்லியிருக்கிறார்.

மகள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். மனைவி மகளைப் பார்த்தாள். வயர்காரர் துண்டுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அவன் வயர் பின்னாடியே போறேன். எங்க போய் முடியுதோ அங்க திருடன் இருப்பான். சாயங்காலம் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுவேன். அப்புறம் எவன் கை தூக்குறான்னு பாப்போம்."

"முட்டி வலின்னீங்களே" என்றாள் மனைவி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அவசரமாக.

"நடக்க வலிக்காது. ஏறத்தான் வலிக்கும்."

வயர்காரருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் வயரைப் படிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எட்டு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவரில் புதிதாக ஒரு சாம்பல் பெட்டி முளைத்திருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பியது. ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. இவருடைய வயருக்குக் கோடு கிடையாது.

முதல் கம்பம். இரண்டாவது கம்பம். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சுருள் மிச்சம் விட்டு, பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தான். இரண்டு வெயில் அடித்தால் பட்டை நொறுங்கும். வேலை தெரியாதவன் என்று வயர்காரருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

நான்காவது கம்பத்தடியில் தையல்காரர் கடை. கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார்.

"என்ன வயர்காரரே, அண்ணாந்துக்கிட்டே போறீங்க. ஏதாவது பறந்து போச்சா?"

"உன் கடைக்கு யார் லைன்?"

"இந்த மாசம் உங்களுது."

"இந்த மாசம்னா?"

"அடுத்த மாசம் அவன் இலவசமா தரான். மூணு மாசம் முடிஞ்சதும் உங்ககிட்ட வந்துடுவேன். அதுக்குள்ள நீங்களும் ஒரு மூணு மாசம் இலவசம்னு போட்டீங்கன்னா, மாத்தி மாத்தி நான் காசே கட்ட வேண்டாம்."

"ஏன்யா, உன் தொழில்ல எவனாவது சட்டைக்குக் கூலி வாங்காம தச்சுக் கொடுக்கிறானா?"

"கொடுத்தா நானே அவன்கிட்ட தச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் உள்ளே போனார்.

இந்த ஆளிடம் பதினோரு வருஷமாகச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறோம் என்று வயர்காரருக்கு அப்போது உறைத்தது. ஒரு தடவையும் பேரம் பேசியதில்லை. அதைச் சொல்லத் திரும்பினார். அதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆரஞ்சுக் கோடு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிப் போயிற்று. சலவைக்கடையைத் தாண்டியது. மெயின் ரோட்டுக்குத்தான் போகும் என்று நினைத்தார். லைன் எல்லாம் அங்கிருந்துதான் வரும். ஆனால் வயர் மெயின் ரோட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டு இடது பக்கம் திரும்பியது.

இங்கேதான் அவருக்கு முதலில் தலை சுற்றியது. தண்ணீர் வரும் இடத்தைத் தேடிக் குழாயோடு போகும்போது, அது ஆற்றுக்குப் போகாமல் இன்னொரு வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்?

ஒன்பதாவது கம்பம். பத்தாவது. ஒரு கிளினிக்கின் பின்பக்கமாக, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் வயர்காரர் வந்து பல வருஷம் ஆகிறது. குப்பைக்கூடை, பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு, ஒரு பூனை. வயர் ஒரு வீட்டின் பின்சுவரில் ஏறி மொட்டை மாடிக்குப் போயிற்று.

"மாட்டினியா" என்றார், வாய்விட்டே.

நிமிர்ந்து பார்த்தார். மாடிக் கைப்பிடிச் சுவரில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கட்டம்போட்ட பழுப்புச் சட்டை ஒன்று. இதே மாதிரி நம்மிடமும் ஒன்று இருக்கிறதே என்று நினைத்தார். திருடனுக்கும் அதே தையல்காரன் போலிருக்கிறது. பாக்கெட்டில்கூட அதே மாதிரி பேனா மைக் கறை.

அந்தக் கறையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு பின்சுவரைப் பார்த்தார். சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியே மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொந்த வீட்டைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மாடிப்படி பதினெட்டு. ஒவ்வொரு படிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மாடியில் ஒரு சின்ன அறை. மெயின் ரோட்டிலிருந்து வரும் பெரிய வயர் அங்கேதான் வந்து இறங்கும். அங்கிருந்துதான் தெருவுக்குப் பிரியும். அறைக்குள் அவருடைய பெட்டி பச்சை விளக்கோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டி. சாம்பல் நிறம். அதற்கும் பச்சை விளக்கு. அதிலிருந்து ஆரஞ்சுக் கோடு போட்ட வயர் கிளம்பி ஜன்னல் வழியே போயிற்று.

மகள் வாசலில் நின்றாள். ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்ப்பா."

"இது என்ன?"

"அவங்க பெட்டி."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

மகள் தரையில் உட்கார்ந்தாள். அவரால் உட்கார முடியாது, எழுந்திருக்க ஆள் வேண்டும். நின்றுகொண்டே கேட்டார்.

"மெயின் ரோட்டுல இருந்து வர்ற நம்ம வயருக்குள்ள பன்னிரண்டு கண்ணாடி இழை இருக்குல்ல? நாம ஓட்டுறது ஆறு. மிச்சம் ஆறு சும்மாதானே கிடக்குது. அதுல ரெண்டை அவங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். மெயின் ரோட்டுல இருந்து இங்க வரைக்கும் நம்ம வயருக்குள்ள வர்றாங்க. இங்கேருந்து தெருவுக்குள்ள அவங்க வயர்."

"எப்போலேருந்து?"

"நாலு மாசமா."

"நாலு மாசம்னா…" வயர்காரர் நிறுத்தினார். "மொத்தக்காரன் இறங்கி வந்தானே."

"வரலைப்பா. ஒரு பைசா இறங்கலை. உங்களுக்கு அடக்கம் நானூத்திப் பத்துன்னு நான்தான் சொல்லிட்டிருக்கேன். நிஜத்துல அறுநூறு. மேல நூத்தித் தொண்ணூறு அவங்க தர்ற வாடகையில கழியுது. அது இல்லைன்னா நாம போன மாசமே மூடியிருக்கணும்."

வயர்காரர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே முணுமுணுத்தன.

"இரு. எனக்கு ஒழுங்கா சொல்லு. அவன் என்னை ஒழிக்க வந்திருக்கான்."

"ஆமா."

"அவன் வர்றதுக்கு நான் வண்டி வாடகைக்கு விட்டிருக்கேன்."

"ஆமாப்பா."

"அந்த வண்டி வாடகையிலதான் நான் சாப்பிடறேன்."

மகள் தலையை ஆட்டினாள்.

"அப்போ அவன் முந்நூத்தம்பதுக்கு விக்கிறதுல அவனுக்கு லாபம் எங்க?"

"இல்லை. நஷ்டம்தான். வேற ஊருல ஆயிரம், ஆயிரத்து இருநூறுன்னு வாங்குறாங்க. அதை இங்க கொண்டுவந்து கொட்டுறாங்க. ஒரு வருஷம் கொட்டுவாங்க. நம்மள மாதிரி ஆளுங்க மூடினதும் இங்கயும் ஆயிரம் ஆக்குவாங்க."

"எவனோ ஒரு ஊர்க்காரன் நம்ம தையல்காரனுக்கு பில்லு கட்டுறான்."

"அப்படித்தான்."

"அந்த ஊர்க்காரனுக்கு இது தெரியுமா?"

"அவனுக்கு எப்படிப்பா தெரியும்?"

வயர்காரர் பிடரியைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு வேறொன்று தோன்றியது.

"சாயங்காலம் கட்டடம் அவன் பக்கம் போச்சுன்னா, நமக்கு வாடகை கூடுமா?"

மகள் தயங்கினாள். "ஒரு வீட்டுக்கு நாப்பது கூடும்."

"கட்டடம் நம்மகிட்டயே நின்னுச்சுன்னா?"

"அவங்களுக்கு இங்க வேலை இல்லைன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போனாலும் போகலாம். அப்போ வாடகை நின்னு போயிடும்."

ஜெயித்தாலும் நஷ்டம், தோற்றாலும் நஷ்டம். எது சின்ன நஷ்டம் என்று பார்க்க விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது விரலிலேயே குழம்பிப் போய்க் கையைக் கீழே போட்டார்.

அப்போதுதான் மனைவி மேலே வந்தாள். கையில் டீ இருந்தது. யாரும் கேட்காத டீ.

"உனக்கும் தெரியுமா?" என்றார்.

"கையெழுத்து போட்டதே நான்தாங்க."

தொழில் ஆரம்பித்த நாளில் லைசென்ஸ், வயர், மாடி அறை எல்லாவற்றையும் மனைவி பெயரில் எழுதியவர் அவர்தான். கையெழுத்து போட்டவன்தான் மாட்டுவான் என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாக ஒரு காகிதத்தில்கூடத் தன் கையெழுத்து விழாமல் பார்த்துக்கொண்டார். யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தார். அவரைக் கேட்காமலே அவர் வயரை வாடகைக்கு விடலாம் என்ற விஷயம் இந்த முப்பது வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலை" என்றாள். டீயை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, காய்ந்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கூட்டம் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில். இரண்டு காரை வெளியே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எண்ணெய்க் கறை மேல் நாற்காலிக் கால் வழுக்கியது.

நடுவில் செயலாளர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை படிக்காமல் நம்ப மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் வயர்காரருக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

எதிர்ப்பக்கம் முந்நூற்றைம்பது கம்பெனியின் விற்பனையாள். கழுத்தில் போட்டோ போட்ட அட்டை தொங்கியது. அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான், நேரிலும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தான். வேகம், மூன்று மாதம் இலவசம், கூடவே டிவி என்று கடகடவென்று ஒப்பித்தான்.

"வயர்காரரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் செயலாளர்.

வயர்காரர் எழுந்தார். காலையில் யோசித்து வைத்த திருட்டுப் பேச்சு இப்போது உதவாது. திருடன் வீட்டு விலாசம் அவருடைய விலாசம்.

"ஐந்நூறு" என்றார். "புகார்னா அரை மணியில ஆள் வரும்."

முதல் வரிசையில் மகள் மெல்ல மூச்சு விட்டாள்.

"இத்தனை நாள் அறுநூறு வாங்கினீங்களே" என்றது பின்வரிசையில் ஒரு குரல். வயர்காரர் மகளைப் பார்த்தார். நான் சொன்னேனா இல்லையா என்ற பார்வை.

மூன்றாவது மாடி டீச்சர் எழுந்தார். வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். "எனக்கு விலை ரெண்டாவதுங்க. போன மாசம் நடு வகுப்புல லைன் போச்சு, ஒரு பிள்ளை போயே போயிடுச்சு. ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினா என்ன? பாதி வீடு இவர்கிட்ட, பாதி வீடு அவங்ககிட்ட. ஒண்ணு நின்னா பக்கத்து வீட்டு லைன்ல வேலையை முடிச்சுக்கலாம். கட்டடம் முழுக்க ஒரே நேரத்துல இருட்டாகாது."

நாற்காலிகள் நகர்ந்தன. ஆமாம், அதுதான் சரி என்று நாலா பக்கமும் பேச்சு எழுந்தது. கை தூக்கச் சொன்னார்கள். அறுபத்துநான்கில் ஐம்பத்தெட்டுக் கை.

முப்பத்திரண்டு வீடு இவருக்கு. முப்பத்திரண்டு வீட்டு வாடகை அங்கிருந்து. மகளின் முகம் பல நாள் கழித்துத் தெளிந்தது. இவ்வளவு நல்ல முடிவை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

செயலாளர் ஒரு காகிதத்தை எடுத்தார். "ரெண்டு பேரும் இதுல கையெழுத்து போடணும். உங்க ரெண்டு பேரோட லைனும் தனித்தனி வழியா வருது, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு நிக்காது. இவ்வளவுதான் எழுதியிருக்கேன்."

அட்டைக்காரன் படிக்காமலே போட்டான். காகிதம் வயர்காரர் கைக்கு வந்தது.

அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். தனித்தனி வழி என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

மகள் லேசாகத் தலையை அசைத்தாள். போட்டுவிடுங்கள் என்றா, சொல்லிவிடாதீர்கள் என்றா, அவருக்குப் புரியவில்லை. எதுவானாலும் ஒன்றுதான்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் ரோட்டில் ஒரு லாரி அந்த வயரை இழுத்துக்கொண்டு போனால் இந்த அம்மாவுக்கு இரண்டு லைனும் சேர்ந்து போகும். அப்போது இந்தக் காகிதம் மட்டும் நிற்கும். அதில் இவர் கையெழுத்து நிற்கும்.

"இது பொய்" என்றார் வயர்காரர்.

"எது?"

"ரெண்டும் ஒரே வயர். மெயின் ரோட்டுல இருந்து என் வீட்டு மாடி வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே வயர்தான். அங்கேருந்துதான் பிரியுது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது.

அட்டைக்காரனும் சிரித்தான், மரியாதையாகத்தான். "சார், நாங்க எவ்வளவு பெரிய கம்பெனி. உங்க வீட்டு மாடிக்கு ஏன் சார் வரப்போறோம்?"

"வந்திருக்கீங்கய்யா. சாம்பல் பெட்டி."

"பாதி போச்சுன்னதும் மனுஷனுக்குத் தாங்கலை" என்றது பின்வரிசைக் குரல்.

வயர்காரர் திகைத்து நின்றார். வாழ்க்கையில் எத்தனையோ பேரை அவர் நம்பாமல் விட்டிருக்கிறார். நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இதுவரை யாரும் அவருக்குக் காட்டியதில்லை. அதுவும் சரக்கை விற்க வந்த இடத்தில், உள்ளதைச் சொல்லிவிட்டு.

"சார், நீங்களே என் வீட்டுக்கு வந்து பாருங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பெட்டியைப் பார்த்தா எனக்கு என்ன தெரியும்? எனக்கு விளக்கு எரியுதா அணையுதான்னு மட்டும்தான் தெரியும். ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மெயின் ரோட்டுல உங்க வயரைக் கழட்டுங்க. அஞ்சு நிமிஷம். எங்க முதல் மாடியில அவங்க லைன் ஒண்ணை மாதிரிக்கு ஓடவிட்டிருக்காங்க. அதுவும் நின்னா நீங்க சொல்றது நிஜம். ஓடினா…"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"கழட்டுறேன்" என்றார் வயர்காரர்.

மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் படியில் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றதும் சொன்னாள்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு கேக்காமலே ஒத்துக்கிட்டீங்களேப்பா."

"என்ன இருக்கு?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு, அவங்க நம்ம வயர்ல வர்றதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. நல்லவேளை, ஒருத்தரும் நம்பலை."

"இன்னொண்ணு?"

"நம்ம கையால அந்த வயரைக் கழட்டினா, அஞ்சு நிமிஷமானாலும் சரி, வயரே அவங்களுக்குப் போயிடும். பன்னிரண்டு இழையும். அதுக்கும் சேர்த்துத்தான் அம்மா கையெழுத்து போட்டாங்க."

கழற்றினால் சொன்னது நிஜம் என்றாகும், வயர் போய்விடும். கழற்றாவிட்டால் வயர் மிஞ்சும், பொய்யன் என்று அறுபத்துநான்கு வீடும் போய்விடும். வயர்காரர் இதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

பின்னால் காலடிச் சத்தம். அட்டைக்காரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தான். இவர்களைப் பார்த்ததும் நின்றான். அதே சிரிப்பு.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சார். தொழில்ல இதெல்லாம் சகஜம். நாளைக்குப் பத்து மணிக்கு மறக்காம கழட்டிடுங்க. நானும் வந்து நிக்கிறேன்."

வண்டி கிளம்பிப் போயிற்று. வயர்காரர் அது திரும்பி மறைகிற வரை பார்த்தார்.

"அவனுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியலைப்பா. விக்கிற ஆளுக்கு இதெல்லாம் சொல்ல மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தாள். "சொல்லியும் அனுப்பியிருக்கலாம்."

வயர்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு படி இறங்கினார்.

"வீட்டுக்குப் போனதும் பெரிய ஏணியை எடுத்து வெளியில வை."

"எதுக்குப்பா? கழட்டவா, யாரும் கழட்டாம பாத்துக்கவா?"

அவருக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.